பான்ஜோ இல்லாத ப்ளூகிராஸ்: டோனி ரைஸின் ‘மன்சனிட்டா’வில் கிட்டார் எங்கே?

ப்ளூகிராஸ் என்ற அமெரிக்கக் கிராமிய இசையின் கிட்டார் கலைஞர் டோனி ரைஸைப் பற்றி நண்பர் கேட்டிருப்பது இதுதான்: “டோனி ரைஸின் ‘மன்சனிட்டா’வைக் கிட்டார் ஆல்பம் என்று சொல்லிக் கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். மாண்டலின், ஃபிடில், டோப்ரோ என்று ஆளாளுக்கு வாசிக்கிறார்கள், பாதிக்கு மேல் பாட்டு. அவருடைய கிட்டார் எங்கே? இத்தனை விருந்தாளிக் கலைஞர்களைக் கூப்பிட்டது பெயருக்காகவா? ப்ளூகிராஸ் என்கிறார்கள், பான்ஜோவையே காணோமே?” கடைசியில் ஒரு வாலும் இருக்கிறது: வீட்டில் நைலான் தந்தி போட்ட கிட்டார் இருக்கிறது, அதில் இதை வாசித்துப் பார்க்கலாமா என்று. (ஃபிடில் என்பது நம் வயலின்தான். டோப்ரோ என்பது கிடையாக வைத்து, தந்தியின் மேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும் கிட்டார்.)

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் அடியில் இருப்பது ஒரே கேள்வி. அட்டையில் ஒருவர் பெயர், உள்ளே ஏழு பேர் சத்தம் என்றால் அந்த ஆல்பத்தில் அவரை எங்கே தேடுவது? நீங்கள் அவர் தனியாக வாசிக்கும் இடங்களில் தேடியிருக்கிறீர்கள். மற்றவர்கள் வாசிக்கும் இடங்களில் தேடுங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

என்னைப் பற்றி ஒரு வரி. வட கரோலினாவில் ராலே பக்கம் பதின்மூன்று வருடமாக இருக்கிறேன். வாரம் ஒரு நாள் ஒரு கிட்டார் கடையின் பின்னறையில் எட்டுப் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து ப்ளூகிராஸ் வாசிப்போம். அதில் எனக்கு ரிதம் கிட்டார். மெதுவான மெட்டுகளில் தனி வாசிப்பேன். வேகம் கூடினால் கை நின்றுவிடும். ஆகவே ரிதம் பற்றி நான் சொல்வது கை அறிந்தது. ரைஸின் தனி வாசிப்பைப் பற்றிச் சொல்வது காது அறிந்தது மட்டும். அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் படியுங்கள்.

ப்ளூகிராஸ் என்ற பெயரே கென்டக்கிக்காரரான பில் மன்ரோவின் குழுவிலிருந்து வந்தது. 1945, 46 வாக்கில் அவரோடு லெஸ்டர் ஃப்ளாட்டும் ஏர்ல் ஸ்க்ரக்ஸும் சேர்ந்தபோது இந்த இசைக்கு இன்றைய உருவம் கிடைத்தது. மாண்டலின், பான்ஜோ, ஃபிடில், கிட்டார், டபுள் பேஸ், இவ்வளவுதான். மேளம் கிடையாது. தாளத்தைத் தந்திக்காரர்களே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். டபுள் பேஸ் முதல் அடியைப் போடும். மாண்டலின் எதிரடியில் தந்திகளை அமுக்கி ‘சக்’ என்று வெட்டும். (மாண்டலின் என்றதும் நமக்கு ஸ்ரீனிவாஸின் ஐந்து தந்தி எலக்ட்ரிக் மாண்டலின்தான் ஞாபகம் வரும். இது இரண்டிரண்டாகக் கட்டிய எட்டுத் தந்தி. மின்சாரம் கிடையாது, வெட்டினால் கட்டையில் தட்டிய மாதிரி கேட்கும்.) இந்த இரண்டு அடிகளையும் ஒட்டுகிற பசை கிட்டார். கீழ்த் தந்தியில், அதாவது தாழ்ந்த சுரம் தரும் தடித்த தந்தியில், ஒரு சுரம், பிறகு மற்ற தந்திகளைச் சேர்த்து ஒரு வீச்சு, மறுபடி ஒரு சுரம், ஒரு வீச்சு. பாட்டு வரி முடியும் இடத்தில் ஃப்ளாட் பெயரோடு ஒட்டிக்கொண்ட ‘ஜி ரன்’ என்ற ஒரு சின்ன ஓட்டம், அவ்வளவுதான். நம் ஊர்ச் சொல்லில் சொன்னால் கிட்டார் அங்கே பக்கவாத்தியம்.

முன்னால் வர முடியாததற்குக் காரணம் சத்தம். பான்ஜோ இழுத்துக் கட்டிய தோலும் உலோக வளையமும் கொண்டது. ஃபிடிலுக்கு வில் இருக்கிறது. மரப்பெட்டிக் கிட்டாரில் ஒற்றைத் தந்தியைத் தட்டினால் இவற்றின் நடுவே காணாமல் போகும். இந்த நிலையை மாற்றிய பெரிய பெயர் டாக் வாட்ஸன். வட கரோலினாவின் டீப் கேப் ஊர்க்காரர், குழந்தைப் பருவத்திலேயே பார்வை போனவர். 1950களில் ஒரு நடனக் குழுவில் எலக்ட்ரிக் கிட்டார் வாசித்தார். அந்தக் குழுவில் ஃபிடில்காரர் இல்லை. ஆடுபவர்களுக்கோ ஃபிடில் மெட்டுகள் வேண்டும். வேறு வழியில்லாமல் அவற்றைக் கிட்டாரிலேயே ஓட்டப் பழகினார். 1960களில் மரக் கிட்டாரோடு மேடை ஏறியபோது அந்தப் பழக்கம் கையில் இருந்தது. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தந்தியை மீட்ட ஒரே ஒரு தட்டையான சில்லு, அதாவது பிக், கீழே ஒரு அடி, மேலே ஒரு அடி, அந்த வரிசை தப்பாமல் மெட்டு முழுவதையும் வாசிப்பது: ஃப்ளாட்பிக்கிங் என்பது இதுதான். அதே சமயம் கலிபோர்னியாவில் கிளாரன்ஸ் வைட் என்ற இளைஞர் இதையே ப்ளூகிராஸ் குழுவுக்குள் வைத்து, எதிர்பாராத இடத்தில் அடியைத் தள்ளியும் நிறுத்தியும் வேறொரு பாதை போட்டார்.

டோனி ரைஸ் இந்த இரண்டாவது பாதையில் வந்தவர். 1951இல் வர்ஜீனியாவில் டான்வில்லில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வளர்ந்தார். ஒன்பது வயதில் கிளாரன்ஸ் வைட்டையும் அவர் கையிலிருந்த 1935ஆம் வருடத்து மார்ட்டின் டி-28 கிட்டாரையும் பார்த்தார். 1973இல் குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த கார் மோதி வைட் இறந்துபோனார். கிட்டார் அதற்கு முன்பே கைமாறியிருந்தது. 1975இல் ரைஸ் அதைத் தேடிப் பிடித்து 550 டாலருக்கு வாங்கினார். கடைசி வரை அவர் அடையாளமாக இருந்தது அந்தக் கிட்டார்தான். 1993இல் ஃப்ளோரிடாவில் புயல் வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது தண்ணீரில் மூழ்கி, பழுதுபார்க்கப்பட்டு மறுபடி அவர் கைக்கு வந்தது.

இப்போது விருந்தாளிகளுக்கு வருகிறேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவர்கள் அந்த வகை விருந்தாளிகள் அல்லர். 1979இல் வந்த இந்த ஆல்பத்தின் ஆட்களைப் பாருங்கள். ரிக்கி ஸ்காக்ஸும் டோப்ரோ வாசிக்கும் ஜெர்ரி டக்ளஸும் 1975இல் ஜே. டி. க்ரோவின் நியூ சவுத் குழுவில் ரைஸோடு ஒரே மேடையில் நின்றவர்கள். அந்த வருடம் அந்தக் குழு போட்ட ஆல்பத்தை இன்றும் ப்ளூகிராஸ்காரர்கள் ரவுண்டர் கம்பெனியின் 0044 என்ற எண்ணாலேயே சொல்வார்கள். எண்ணைச் சொன்னால் போதும், எந்த ஆல்பம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். டேவிட் கிரிஸ்மன், டேரல் ஆங்கர், டபுள் பேஸ் வாசிக்கும் டாட் ஃபிலிப்ஸ் மூவரும் அதற்குப் பிறகு ரைஸ் கலிபோர்னியா போய்ச் சேர்ந்த கிரிஸ்மன் குவின்டெட் என்ற ஐவர் குழுவின் ஆட்கள். மிச்சம் சாம் புஷ், நியூ கிராஸ் ரிவைவல் என்ற குழுவின் மாண்டலின்காரர். ஆக, ஒரு பக்கம் கென்டக்கியில் கற்ற பாரம்பரியம், இன்னொரு பக்கம் கலிபோர்னியாவில் ஜாஸ் நெடியோடு கற்ற புதிய கோர்ட்டுகள், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகள். இரண்டு வீட்டிலும் சாப்பிட்ட பிள்ளை இரண்டு வீட்டாரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்த ஆல்பம் இது. அட்டையிலும் டோனி ரைஸ் யூனிட் என்றுதான் போட்டிருக்கிறது. பெயருக்காகக் கூப்பிட்டார்களா என்றால், அன்றைக்கு இவர்களில் பலர் முப்பதைத் தாண்டாதவர்கள், டக்ளஸுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். இவர்கள் பெரிய பெயர்களானது பிற்பாடு. நாம் 2020களிலிருந்து திரும்பிப் பார்ப்பதால் நட்சத்திரப் பட்டியலாகத் தெரிகிறது.

இந்தப் பட்டியலில் இல்லாதவர் ஒருவர்தான், பான்ஜோக்காரர். அது கைமறதியாக இருக்க முடியாது. க்ரோ அந்தக் கருவியின் மகா ஆள், ரைஸுக்கு நெருக்கமானவர். 1981 முதல் இருவரும் ப்ளூகிராஸ் ஆல்பம் பேண்ட் என்ற பெயரில் வரிசையாக ஆல்பங்கள் போட்டார்கள். ஆக, பான்ஜோ பிடிக்காமல் இல்லை. கிரிஸ்மன் குவின்டெட்டிலும் பான்ஜோ கிடையாது, பான்ஜோ இல்லாத அந்தச் சத்தத்துக்கு ரைஸின் காது நாலைந்து வருடமாகப் பழகியிருந்தது. இது வரைக்கும் உறுதியாகச் சொல்லலாம். இனி வருவது என் ஊகம். பான்ஜோவில் மூன்று விரல்களும் மாறி மாறிச் சுரங்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஃப்ளாட்பிக்கிங்கும் அதே மாதிரி விடாமல் ஓடுகிற சுரச் சங்கிலி. ஒரே உயரத்தில் இரண்டு சங்கிலி ஓடினால் சத்தம் அதிகமுள்ளது மற்றதை விழுங்கும். ஃபிடிலும் டோப்ரோவும் சுரத்தை இழுத்து நிறுத்துபவை. மாண்டலின் வெட்டிவிட்டு மௌனமாகும். இவற்றின் நடுவே கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் தெரிவதற்குச் சந்து கிடைக்கிறது. மன்சனிட்டா என்பது கலிபோர்னியா மலைச்சரிவுகளில் வளரும் சிவப்புப் பட்டைப் புதர். அந்தப் பெயரைக் கொண்ட தலைப்பு மெட்டை எப்போது கேட்டாலும், பான்ஜோ இருந்தால் இது நிற்காது என்றே எனக்குத் தோன்றும்.

சரி, மற்றவர்கள் வாசிக்கும்போது ரைஸைத் தேடுவது எப்படி? என் கதை ஒன்றைச் சொன்னால் புரியும். முதல் மாதம் அந்தப் பின்னறைக்குப் போனபோது ஆறு தந்தியையும் சேர்த்து வீசிக்கொண்டிருந்தேன். மெல்லிய பிக், படபடவென்று சத்தம். பக்கத்தில் ஒரு பெரியவர், எழுபது தாண்டிய பான்ஜோக்காரர். இரண்டு பாட்டு பொறுத்துப் பார்த்தார். மூன்றாவதில் சட்டைப் பையிலிருந்து பித்தான் கனத்துக்கு ஒரு பிக்கை எடுத்து என் கையில் வைத்து, “இன்று முழுக்க வீச்சே வேண்டாம். கீழ்த் தந்தியில் ஒற்றைச் சுரம் மட்டும் போடு, எப்போது போடுகிறாய் என்று மட்டும் பார்” என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு மணி நேரம் டும், டும் என்று அதையே செய்தேன். எட்டு மணி வாக்கில் ஒரு மெட்டு நடுவில் டபுள் பேஸ் வாசித்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவருடைய சுரமும் என்னுடையதும் ஒன்றாக விழுந்திருந்தன. முன்னே ஃபிடில் வாசித்தவர் அதுவரை அவசரப்பட்டுக்கொண்டிருந்தார், அந்த இடத்திலிருந்து நிதானமாகிவிட்டார். நான் வாசித்தது என்னவோ நாலைந்து சுரம்தான்.

அந்த நிதானத்தை ரைஸ் ஆல்பம் முழுக்கச் செய்கிறார், அதுவும் அசாத்திய வேகத்தில். நல்ல ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள், போன் ஸ்பீக்கரில் கிட்டாரின் கீழ்த் தந்திகள் வரவே வராது. ஆல்பத்திலிருக்கும் ‘ப்ளாக்பெர்ரி ப்ளாஸம்’ என்ற பழைய ஃபிடில் மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாதியில் கோர்ட்டுகள் மளமளவென்று மாறும், இரண்டாம் பாதி இ மைனர் பக்கம் சாயும். முதல் தடவை மெட்டை மட்டும் கேளுங்கள். இரண்டாம் தடவை மற்றவர் வாசிக்கும் இடங்களில் காதைக் கிட்டாரின் மேல் மட்டும் வையுங்கள். வழக்கமான டும்-சக் இல்லை. கீழ்த் தந்தியில் நடந்துபோய் அடுத்த கோர்ட்டில் சேர்கிறார், எதிர்பாராத அடியில் தள்ளுகிறார், சில இடங்களில் ஒன்றுமே வாசிக்காமல் விடுகிறார். கிளாரன்ஸ் வைட்டிடமிருந்து வந்த சொத்து அது. முன்னால் வாசிப்பவருக்கு அடுத்து எங்கே போகலாம் என்று அது சொல்லிக்கொடுக்கிறது. மூன்றாம் தடவை ரைஸ் தனியாக வாசிக்க வரும் இடத்தைக் கேளுங்கள். அப்போது ஒன்று நடக்கும், அந்தப் பசை காணாமல் போகும். ரிதம் வாசித்துக்கொண்டிருந்த ஆளே இப்போது மெட்டை வாசிக்கப் போய்விட்டாரே! மிச்சமிருப்பவர்கள் ஒதுங்கி, சன்னமாகி, டபுள் பேஸும் மாண்டலினும் சேர்ந்து தரையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நல்ல விருந்தாளி யார் என்பது அங்கே தெரியும். நீங்கள் பட்டியலில் பார்த்த பெரிய பெயர்களின் மதிப்பு அவர்கள் வாசித்ததில் பாதி, வாசிக்காமல் விட்டதில் பாதி.

வேகம் என்றேன், கணக்கும் போட்டுவிடுகிறேன். எங்கள் பின்னறையிலேயே வேகமான மெட்டு என்றால் நிமிடத்துக்கு 120 அடி போகும். அடிக்கு நான்கு சுரம். நொடிக்கு எட்டு. அத்தனையும் கீழ்-மேல், கீழ்-மேல் என்று வரிசை தப்பாமல். ஒரு அடி தப்பினால் அடுத்த பலமான சுரம் மேல்நோக்கிய அடியில் விழும், சத்தம் இளைத்துவிடும், கேட்பவருக்கு எங்கேயோ நொண்டுகிற மாதிரி இருக்கும். ரைஸ் சில இடங்களில் இந்த வரிசையை வேண்டுமென்றே மீறுவதாக என் காதுக்குப் படுகிறது. கை தெரிந்தவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன்.

எல்லா விருந்தாளி ஆல்பமும் ஒரே மாதிரி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆஷ்வில் பக்கத்து பிரையன் சட்டன் 2006இல் ஒரு ஆல்பம் போட்டார். அதில் விருந்தாளிகள் ஒவ்வொருவராக வந்து அவரோடு ஜோடியாக வாசிக்கிறார்கள். டாக் வாட்ஸன், டோனி ரைஸ், நார்மன் பிளேக், சட்டனின் அப்பா என்று தான் யாரிடம் கற்றாரோ அவர்களையே எதிரே உட்காரவைத்துக்கொண்டார். வாட்ஸனுக்கு அப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர்கள் இருவரும் வாசித்த மெட்டுக்கு 2007இல் கிராமி கிடைத்தது. அதை முதலில் கேட்டபோது எது சட்டன் எது வாட்ஸன் என்று பிரிக்கத் தடுமாறினேன். பிரித்த பிறகு, பெரியவர் வாசிக்கும்போது சின்னவர் எவ்வளவு குனிந்து வாசிக்கிறார் என்பதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மோலி டட்டிலின் 2022ஆம் வருடத்து ‘க்ரூக்கட் ட்ரீ’ வேறு ரகம். இன்டர்நேஷனல் ப்ளூகிராஸ் மியூசிக் அசோசியேஷனின் சிறந்த கிட்டார் கலைஞர் விருதை முதலில் வாங்கிய பெண் அவர். தயாரிப்பில் துணை நின்றவர் மன்சனிட்டாவில் டோப்ரோ வாசித்த அதே ஜெர்ரி டக்ளஸ். பில்லி ஸ்ட்ரிங்ஸ், கில்லியன் வெல்ச், மார்கோ பிரைஸ் என்று பல பாட்டுகளில் வேறு வேறு விருந்தாளிகள். இங்கே பெயர்கள் விற்பனைக்கும் உதவியிருக்கும், அதை மறைப்பானேன்? நல்ல ஆல்பம்தான், கிராமியும் வாங்கியது. ஆனால் விருந்தாளிகள் இப்படி மாறிக்கொண்டிருக்கும்போது மன்சனிட்டாவில் இருக்கிற அந்த ஒரே அறை உணர்வு எனக்குக் கிடைக்கவில்லை. ருசி பேதம் என்று விட்டுவிடுங்கள்.

ரைஸின் கிட்டாரைப் பற்றி இணையத்தில் நிறையப் படிப்பீர்கள், அதனால் ஒரு எச்சரிக்கை. அதன் நடுத்துளை மற்ற டி-28களைவிடப் பெரியது. அது படத்திலேயே தெரியும். ஏன் பெரிதாக்கப்பட்டது என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு, எதையும் சத்தியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். துளை பெரிதானால் பெட்டிக்குள் காற்று அதிரும் சுரம் மேலே ஏறும், கீழ்ச்சுரங்களின் ‘கும்’ குறையும், சுரம் பிரிந்து கேட்கும். இது இயற்பியல். ஆனால் ரைஸின் நாதத்தில் துளைக்கு எவ்வளவு பங்கு, கைக்கு எவ்வளவு பங்கு என்ற சண்டை தீராதது. நான் கை பக்கம். எங்கள் வட்டத்தில் ஒரே கிட்டாரை மூன்று பேர் வாங்கி வாசித்து மூன்று கிட்டார் மாதிரி கேட்டிருக்கிறேன்.

மன்சனிட்டா பிடிபட்டதும் இரண்டை வரிசையாகக் கேளுங்கள். 1980இல் ஸ்காக்ஸும் ரைஸும் மட்டும் போட்ட ஆல்பம்: ஒரு கிட்டார், ஒரு மாண்டலின், இரண்டு குரல். ஏழு பேர் செய்த வேலையை இருவர் எப்படிப் பங்கு போடுகிறார்கள் என்று தெரியும். பிறகு 1983இன் ‘சர்ச் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’. அதில் பெரும்பாலும் ரைஸும் கிட்டாரும் மட்டும், சில இடங்களில் தம்பி வயட் பக்கத்தில். நீங்கள் முதலில் எதிர்பார்த்த ‘கிட்டார் ஆல்பம்’ அதுதான். குரலையும் சேர்த்துக் கேளுங்கள். 1994 வாக்கில் தொண்டை கெட்டு அவர் பாடுவதையே நிறுத்த வேண்டி வந்தது. அதன் பிறகும் பல வருடம் வாசித்தார். 2020 கிறிஸ்துமஸ் அன்று வட கரோலினாவில் ரீட்ஸ்வில் ஊரில் காலமானார்.

கடைசிக் கேள்வி. நைலான் தந்தியில் விரல் பழக்கத்துக்கு மெட்டை வாசித்துப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் கனத்த பிக் நைலானில் வழுக்கும், அடி எழும்பாது, கழுத்தும் அகலம். உலோகத் தந்திக் கிட்டாரில் நைலானையோ, நைலான் கிட்டாரில் உலோகத் தந்தியையோ மாற்றிப் போட்டுப் பார்க்காதீர்கள். இரண்டாவதைச் செய்தால் இழுவை தாங்காமல், தந்திகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும். கடனுக்காவது ஒரு உலோகத் தந்திக் கிட்டார் கிடைத்தால் ஒன்றரை மில்லிமீட்டர் பிக் ஒன்று வாங்கி, தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, ஜி கோர்ட்டில் கீழ்த் தந்தி ஒற்றைச் சுரத்திலிருந்து ஆரம்பியுங்கள். முதல் ஒரு மணி நேரம் வீச்சு வேண்டாம்.